12,400 வகுத்தல் 900

2018 ஜூனில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, நங்கநல்லூரில் எங்கள் எதிர்வீட்டு பாங்க் மாமா காலமாகிவிட்டார். ஒரே பையன் சான்பிரான்சிஸ்கோவில். ராத்திரி ஒன்பதரைக்கு போன் பண்ணினான். அங்கே அப்போதுதான் காலை 9 மணி. "டெல்லி ஃப்ளைட்ல ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் அப்பாவை எடுத்துடாதீங்கோ." அவ்வளவுதான், போன் ஆஃப்.

மாமாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்று. சூரியன் மறைந்த பிறகு எடுக்கக் கூடாது என்று வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். பையன் ஞாயிறு சாயங்காலத்துக்குள் வருவானா, மாட்டானா? கும்பகோணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு திங்கட்கிழமை ஆபீஸ். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பி.காம். படித்த பாவம்!

கால்குலேட்டரைத் தட்டினேன். சான்பிரான்சிஸ்கோ - டெல்லி சுமார் 12,400 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 900. வகுத்தால் 14 மணி நேரம்கூட இல்லை. ஞாயிறு பதினொன்றரைக்கு டெல்லி, ஒன்றரைக்கு அடுத்த விமானம், அஞ்சு மணிக்கு டாண்ணு வீட்டு வாசல். "கவலைப்படாதீங்கோ மாமி, அஞ்சு மணிக்கு வந்துடுவான்" என்றேன். வாத்தியாருக்கும் வேன்காரருக்கும் அதே நேரம் சொல்லியாயிற்று.

அஞ்சு ஆச்சு. அஞ்சரை ஆச்சு. மீனம்பாக்கத்தில் ரெண்டு விமானம் இறங்குகிற சத்தம் கேட்டது. பையனைக் காணோம்.

எங்கே கோட்டை விட்டேன் என்று பிறகு தேடிப் படித்தேன். 12,400 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளக்கிற தூரம். அந்த நூல் ஆர்க்டிக் பக்கமாகப் போகிறது. விமானம் அப்படியே நூல் பிடித்துப் போவதில்லை. எந்த நாட்டு வானத்தில் வழி கிடைக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வளைந்துதான் போகும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் அசுரக் காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். 150, 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் அதற்கு சகஜம். முதுகைத் தள்ளினால் லாபம், முகத்தில் அறைந்தால் நஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி - சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு பசிபிக் வழியாக அனுப்பியது. பழைய வழி 13,900 கிலோமீட்டர். புது வழி 15,300. அதாவது, 1,400 கிலோமீட்டர் சுற்று! ஆனால் போய்ச் சேர்ந்தது பதினாலரை மணி நேரத்தில். பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,055 கிலோமீட்டர். 900-க்கு மேல் இருப்பதெல்லாம் காற்று போட்ட வட்டி. 2020 பிப்ரவரியில் புயல் காற்று முதுகைத் தள்ளி, நியூயார்க்கில் புறப்பட்ட ஒரு ஜம்போ 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது.

மாமி பையனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெல்லியில் ஒன்றரை மணி விமானம் போயே போச்சு. வீட்டுக்கு வந்தபோது ராத்திரி எட்டேகால். மாமாவை மறுநாள் காலையில்தான் எடுத்தோம். கும்பகோணத்துக்காரர்களில் பாதிப் பேர் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்கள்.

அன்று ராத்திரி பெட்டிப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த பையன், எழுந்து என்னிடம் வந்தான். "அம்மா அஞ்சு மணிலேர்ந்து வாசல்லயே நின்னுண்டிருந்தாளாமே... அஞ்சு மணின்னு யார் சொன்னா?"

தண்ணீர் கேன் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.