வீட்டுக்கு என்ன மதிப்பு?

பல குடும்பங்களுக்கு வீடுதான் பெரிய சொத்து. அவசரத்துக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்குகிறார்கள். சிலர் விற்கவும் செய்கிறார்கள். அப்போது வீட்டுக்கு மதிப்புப் போட வேண்டும்.

மதிப்புப் போடுவது யார்? கடன் என்றால் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் மனையையும் கட்டடத்தையும் அளப்பார். மனைக்கு அக்கம்பக்கத்து விலையைப் பார்ப்பார். கட்டடத்துக்குச் சதுர அடிக் கணக்குப் போடுவார். பழைய கட்டடம் என்றால் தேய்மானம் கழிப்பார்.

கூரைமேல் சூரிய மின்தகடு இருக்கலாம். தரைக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கலாம். இவை சதுர அடிக் கணக்கில் வராது. எடுத்துச் சொல்லாவிட்டால் விட்டுப் போகும். மதிப்பு குறைந்தால் கடனும் குறையும்.

இவற்றால் என்ன பயன்? 1 கிலோவாட் தகடு, நல்ல வெயில் அடித்தால், ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். 3 கிலோவாட் தகடு மாதம் சுமார் 360 யூனிட் தரும்.

50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர் விழும். அதில் பெரும்பகுதியைச் சேமிக்கலாம். இது புது வழக்கம் அல்ல. அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி உண்டு. அதை 'டாங்கா' என்பார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

1. வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைக்க வேண்டும்.
2. மின்சார அலுவலகம் கொடுத்த அனுமதித் தாளை வைக்க வேண்டும்.
3. தகடு போடுவதற்கு முன்பும் பின்பும் கட்டிய மின் கட்டண ரசீதுகளைச் சேர்க்க வேண்டும்.
4. தொட்டி கட்டும்போதே படம் எடுக்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே தெரியாது.
5. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அளக்க வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

போட்ட பணம் முழுவதும் மதிப்பில் ஏறாது. தகடும் ஆண்டுதோறும் பழசாகும். மானியமும் உண்டு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் தகடுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஆகவே கைப்பணம் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று பிரித்து எழுதுவது நல்லது. வாடகைக்குப் போட்ட தகடு வீட்டுக்காரர் சொத்து ஆகாது.

மதிப்பு குறைவாகத் தெரிகிறதா? வங்கியில் அறிக்கையின் நகல் கேட்கலாம். விட்டுப் போனவற்றைக் குறித்து மேலாளருக்கு மனு எழுதலாம். மறுமதிப்பீடு கேட்கலாம். மனுவின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இப்படி என்னென்ன வசதிகள் உள்ளன? இன்றே ஒரு பட்டியல் எழுதுங்கள்.