கோப்பையை வென்ற 87-வது நாளில் காலியான டீம்! - கென்டக்கி கல்லூரிப் பசங்களின் கதை

2012 ஏப்ரல் 2. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். கல்லூரிகளுக்கான தேசிய கூடைப்பந்துப் போட்டியின் ஃபைனல். கென்டக்கி பல்கலைக்கழக அணி, கான்சாஸ் அணியை 67-59 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்குகிறது. அந்த சீசனில் அவர்கள் ஆடியது 40 ஆட்டங்கள். தோற்றது இரண்டே இரண்டு.

ஃபைனலின் சிறந்த வீரர் அந்தோணி டேவிஸ். வயது 19. அன்று அவர் எடுத்தது வெறும் 6 பாயின்ட்தான். ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட் என்று மற்ற எல்லா வேலைகளையும் இழுத்துப்போட்டுச் செய்திருந்தார். பாயின்ட் எடுக்காமலேயே ஓர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்க முடியும் என்று காட்டிய பையன்.

அதே ஆண்டு ஜூன் 28. கோப்பையை வென்று 87 நாள்கள்தான் ஆகியிருந்தன. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ-வின் டிராஃப்ட் நடக்கிறது. முதல் பெயர், அந்தோணி டேவிஸ். இரண்டாவது பெயர், அதே கல்லூரியின் மைக்கேல் கிட் கில்கிறிஸ்ட். ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது அதுவே முதல் முறை. அதோடு நிற்கவில்லை. டெரன்ஸ் ஜோன்ஸ், மார்க்விஸ் டீக், டோரன் லேம்ப், டேரியஸ் மில்லர் என இரவு முடிவதற்குள் ஆறு பேர் கிளம்பிவிட்டார்கள். முதலில் களமிறங்கும் ஐந்து பேரும் அதில் அடக்கம். அவர்களுக்கு அடுத்து இறங்கும் ஆறாவது ஆளும் அடக்கம்!

கல்யாணம் முடிந்த வீடு மாதிரி ஆகிப்போனது கென்டக்கி.

டிராஃப்ட் என்றால் என்ன?

நமக்குப் பழக்கமான ஐ.பி.எல் ஏலத்தில் யாரிடம் பணம் அதிகமோ அவர்கள் வீரரைத் தூக்குவார்கள். டிராஃப்ட் அப்படி இல்லை. இங்கே ஏலமே கிடையாது. அணிகள் வரிசையாக வந்து ஒவ்வொரு வீரராகத் தேர்ந்தெடுக்கும். கடந்த சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு, குலுக்கல் மூலம் முதல் வாய்ப்புகள் கிடைக்கும். இரண்டு சுற்றுகள், சுமார் 60 பேர், அவ்வளவுதான். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கல்லூரி வீரர்கள் கனவு காண்பது இந்த 60 இடங்களுக்குத்தான்.

முன்பெல்லாம் பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ-வுக்குப் போகலாம். கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் இருவரும் அப்படிப் போனவர்கள்தான். 2006 டிராஃப்ட்டிலிருந்து அந்தக் கதவு அடைபட்டது. வயது 19 ஆகியிருக்க வேண்டும், அமெரிக்க மாணவர் என்றால் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த ஓராண்டைக் கழிக்கப் பெரும்பாலான திறமைசாலிகள் கல்லூரிக்கு வந்தார்கள். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள்.

மற்ற கோச்சுகள் இதைத் தலைவலியாகப் பார்த்தபோது, 2009-ல் கென்டக்கிக்கு வந்த ஜான் கலிபாரி அதையே தன் வழியாக்கிக்கொண்டார். நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை அழைத்து வருவது, ஓராண்டு ஆட வைப்பது, வாழ்த்தி அனுப்புவது, மறுபடி புதியவர்களை அழைத்து வருவது. 2010-ல் அவருடைய பிள்ளைகள் ஐந்து பேர் டிராஃப்ட்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். அப்படியும் அடுத்த ஆண்டு அணி கடைசி நான்குக்குள் வந்தது. 2012-ல் கோப்பையே கிடைத்தது.

ஆகவே ஆறு பேர் போனபோதும் ரசிகர்கள் பதறவில்லை. கென்டக்கி மாநிலத்தில் என்.பி.ஏ அணி கிடையாது. அங்கே கல்லூரி அணிதான் எல்லாம். லெக்சிங்டனில் உள்ள ரப் அரீனாவில் 20,000 பேருக்கு மேல் உட்காரலாம். 'புதுப் பசங்க வர்றாங்க, பார்த்துக்கலாம்' என்ற நம்பிக்கை. சீசன் தொடங்கும் முன்பே பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் அணிக்கு மூன்றாவது இடம் கொடுத்தார்கள்.

முட்டி பிசகிய மாலை

புதிதாக வந்தவர்களில் முக்கியமானவர் நெர்லன்ஸ் நோயல். டேவிஸைப் போலவே உயரம், டேவிஸைப் போலவே பிளாக் செய்யும் வேகம். அடுத்த டிராஃப்ட்டின் முதல் பெயர் இவருடையதாகத்தான் இருக்கும் என்று பலரும் எழுதினார்கள்.

2013 பிப்ரவரி 12. ஃப்ளோரிடா அணியோடு ஆட்டம். எதிரணி வீரர் கூடையை நோக்கி ஓட, பின்னாலிருந்து துரத்திப்போய்த் தாவினார் நோயல். தரையிறங்கும்போது இடது முழங்கால் மடங்கியது. தசைநார் கிழிந்துவிட்டது. சீசன் முடிந்தது.

நான்கு நாள் கழித்து டென்னசி அணியிடம் 88-58 என்று, 30 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். மார்ச் மாதம் தேசியப் போட்டிக்கு 68 அணிகளின் பட்டியல் வந்தது. நடப்பு சாம்பியன் பெயர் அதில் இல்லை!

வாய்ப்புக் கிடைக்காத அணிகளுக்காக நடக்கும் இன்னொரு போட்டிக்குப் போனார்கள். ரப் அரீனாவில் தேசியப் போட்டியின் ஆட்டங்கள் நடக்கவிருந்ததால், கென்டக்கிக்குச் சொந்த மைதானமும் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ராபர்ட் மோரிஸ் என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் ஜிம்முக்குப் பயணம். அதில் சுமார் 3,000 பேர்தான் உட்கார முடியும். அங்கே 59-57 என்று தோற்றார்கள். உள்ளூர் மாணவர்கள் களத்துக்குள் ஓடிவந்து கொண்டாடினார்கள். அந்தச் சின்னக் கல்லூரிக்கு அது மறக்க முடியாத ராத்திரி.

இருந்தவர்கள் யார்?

இரண்டு முறையும் அணி காலியானது. 2010-க்குப் பிறகு எழுந்து நின்ற அணி, 2012-க்குப் பிறகு ஏன் விழுந்தது? நோயலின் காயம் ஒரு காரணம். ஆனால், அவர் ஆடியபோதே அணி தடுமாறிக்கொண்டுதான் இருந்தது.

பதில், போனவர்களின் பட்டியலில் இல்லை. இருந்தவர்களின் பட்டியலில் இருக்கிறது.

2010-ல் ஐந்து பேர் போனபோது மூன்று மூத்தவர்கள் அணியில் இருந்தார்கள். ஜோஷ் ஹாரல்சன், டிஆண்ட்ரே லிகின்ஸ், டேரியஸ் மில்லர். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் தோற்றும் ஜெயித்தும் பழகியவர்கள். இதில் மில்லர் கென்டக்கி மண்ணின் மைந்தர், மேஸ்வில் ஊர்க்காரர். நான்கு ஆண்டுகளும் அங்கேயே இருந்தார். கோப்பை வென்ற சீசனில், தன்னைவிட இளையவர்கள் முதலில் இறங்க, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்து பின்னால் இறங்கினார். முகம் சுளிக்காத மூத்த பிள்ளை.

2012-ல் அந்த மில்லரும் போய்விட்டார். போன ஆண்டு தொடர்ந்து ஆடியவர்களில் மிச்சம் இருந்தது கைல் வில்ஜர் ஒருவர்தான். நெருக்கடியில் பந்தை யாரிடம் கொடுப்பது, யார் சத்தம் போட்டு எல்லோரையும் சரியான இடத்தில் நிற்க வைப்பது? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளே இல்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளும் இதையே சொல்கின்றன. 2014-ல் ஐந்து முதலாண்டு மாணவர்கள் முதலில் இறங்க, தட்டுத்தடுமாறி ஃபைனல் வரை போனார்கள். கனெக்டிகட் அணியிடம் 60-54 என்று தோல்வி. எதிரணியை வழிநடத்தியது ஷபாஸ் நேப்பியர், நான்காம் ஆண்டு மாணவர். அந்தக் கோடையில் ஆரன், ஆண்ட்ரூ என்ற ஹாரிசன் இரட்டையர் உட்படப் பலர் டிராஃப்ட்டுக்குப் போகாமல் தங்கிவிட்டார்கள். விளைவு? 2015-ல் தொடர்ந்து 38 வெற்றிகள். ஆனாலும் அரையிறுதியில் விஸ்கான்சின் அணி 71-64 என்று தடுத்தது. அங்கேயும் ஒரு நான்காம் ஆண்டு மாணவர், ஃபிராங்க் கமின்ஸ்கி!

மறுபடி ஆறு பேர் டிராஃப்ட்டில் போனார்கள். அதே டிராஃப்ட்டில்தான் நம் பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங், 52-வதாகத் தேர்வாகி, என்.பி.ஏ டிராஃப்ட்டில் இடம்பிடித்த முதல் இந்தியர் ஆனார்.

அம்மா அப்பா இடத்தில் நின்று பார்த்தால்

ரசிகராக இருந்தால் 'இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கலாமே' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பெற்றவர்களால் சொல்ல முடியுமா?

நோயலோடு சேர்ந்து வந்தவர் அலெக்ஸ் பாய்த்ரெஸ். முதல் ஆண்டே போயிருந்தால் நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று பேசப்பட்டவர். போகவில்லை. நான்கு ஆண்டுகள் இருந்தார், பட்டமும் வாங்கினார். 2014 டிசம்பரில் அவருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2016 டிராஃப்ட்டில் 60 பெயர்களும் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் வரவில்லை. பிறகு என்.பி.ஏ-வில் சிறு வாய்ப்புகளும் வெளிநாட்டு லீக்குகளும்தான் கைகொடுத்தன. காயத்தோடே டிராஃப்ட்டுக்குப் போன நோயலை ஆறாவதாக எடுத்தார்கள். முதல் சீசன் முழுக்க ஆட முடியாமல் போனாலும், ஒப்பந்தம் கையில் இருந்தது.

தங்கினால் அணிக்கு லாபம், கிளம்பினால் பையனுக்கு லாபம். பல வருடங்கள் கணக்கு இப்படித்தான் இருந்தது. கென்டக்கியில் பெஞ்சிலிருந்து இறங்கிய டெவின் புக்கர், ஒரே ஆண்டில் கிளம்பி, 2017-ல் என்.பி.ஏ-வில் ஒரே ஆட்டத்தில் 70 பாயின்ட் எடுத்தார். அங்கே ஒரே ஆண்டு ஆடிய ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், 2025-ல் என்.பி.ஏ-வின் மிகச் சிறந்த வீரர் விருதையும் கோப்பையையும் வென்றார். கிளம்பியது தப்பு என்று இவர்களிடம் யார் சொல்வது?

மாறும் கணக்கு

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகைப்படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். 2025-ல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்துவிட்டது. டிராஃப்ட்டில் கடைசி இடங்களில் வரக்கூடியவர்களுக்கு, இன்னொரு வருடம் கல்லூரியில் இருப்பதே சில நேரம் கூடுதல் வருமானம்.

இன்னொரு பக்கம், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவதும் சுலபமாகிவிட்டது. போனவர்களின் இடத்தில் பள்ளிப் பையன்களைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 22, 23 வயதில் பக்குவப்பட்டவர்களையும் கூட்டி வரலாம்.

2024-ல் கென்டக்கி அந்தப் பாடத்தை நேரடியாகப் படித்தது. சில மாதங்களில் டிராஃப்ட்டின் 3-வது, 8-வது இடங்களைப் பிடிக்கப்போகிற இரண்டு முதலாண்டு மாணவர்கள் இருந்தும், முதல் சுற்றிலேயே ஓக்லேண்ட் என்ற சிறிய அணியிடம் தோற்றது. பல ஆண்டுகள் கல்லூரி ஆட்டத்தில் ஊறிய ஜாக் கோல்கி, தூரத்திலிருந்தே 10 முறை கூடையில் போட்டார். அடுத்த சில வாரங்களில் கலிபாரி அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவர் இடத்துக்கு வந்த மார்க் போப், 1996-ல் அதே கென்டக்கிக்காகக் கோப்பை வென்ற வீரர். அவர் வந்தபோது அணியே இல்லை. மற்ற கல்லூரிகளில் ஆடிய மூத்தவர்களைச் சேர்த்து அணியைக் கட்டினார். முதல் ஆண்டிலேயே தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளுக்குள் வந்தார்.

ஒவ்வொரு ஜூனிலும் டிராஃப்ட் முடிந்ததும், 'எங்க டீம் அவ்வளவுதானா?' என்று ஏதோ ஒரு கல்லூரியின் ரசிகர்கள் கவலைப்படத்தான் போகிறார்கள். போனவர்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டு அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துகிறவர் இருக்கிறாரா? தேசியப் போட்டியில் ஆடித் தோற்ற வலி தெரிந்தவர்கள் இரண்டு பேராவது மிச்சம் இருக்கிறார்களா? முக்கியமான ஒருவருக்கு அடிபட்டால் அந்த இடத்தில் நிற்க ஆள் இருக்கிறதா? 2013 கென்டக்கியிடம் இந்த மூன்றுமே இல்லை.

லெக்சிங்டனில் அக்டோபர் வந்தால், அணியின் பயிற்சியைப் பார்க்கவே ரப் அரீனா நிறைந்துவிடும். களத்தில் பாதிப் பேரின் பெயர்கூட ரசிகர்களுக்கு இன்னும் பழகியிருக்காது. ஆனாலும் கைதட்டுவார்கள். அடுத்த கோடையில் இந்தப் பசங்களும் போய்விடலாம் என்று தெரிந்தேதான் கைதட்டுவார்கள்.