அயலூரில் உற்ற துணை

முற்காலத்தில் அயலூருக்குப் புறப்படுவோர், அங்கே உறவினரோ ஊர்க்காரரோ உளரா என்றே முதற்கண் விசாரிப்பர். இன்றோ மருத்துவம், மேற்படிப்பு, வேலைக்கான தேர்வு எனப் பற்பல காரணங்களை முன்னிட்டு, அறிந்தவர் எவருமில்லாத மாநகரங்களுக்கும் நம் குடும்பங்கள் செல்ல வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் மும்பையிலோ கொல்கத்தாவிலோ இரயிலை விட்டு இறங்கும்போது கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மொழி தெரியாத அவ்விடத்தில் மருந்துக்கடையை எங்ஙனம் கண்டுபிடிப்பது? வசதி படைத்தோர் எவ்வாறேனும் சமாளித்துக் கொள்வர். அளவான பணத்துடன் செல்லும் எளிய குடும்பத்திற்கோ, சரியான செய்தி கிட்டாமையே வீண் செலவாகவும் மனக்கலக்கமாகவும் முடிகிறது. அத்தகைய வேளையில் காசின்றிக் கைகொடுக்கும் துணைகள் சிலவற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

மஞ்சள் தாளிலிருந்து கைப்பேசிக்கு

ஓர் ஊரின் வணிக நிலையங்களைத் தொழில்வாரியாகத் தொகுத்துத் தரும் மஞ்சள் பக்க நூல், 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரூபன் டானலி என்பவரால் வெளியிடப்பட்டது. நம் நாட்டிலும் தொலைபேசி வைத்திருந்த வீடுகளில் அத்தகைய தடித்த நூல்கள் இருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். பின்னர் 1996-இல் மும்பையில் தொடங்கிய 'ஜஸ்ட் டயல்' நிறுவனம், தொலைபேசியில் கேட்போர்க்குக் கடைகளின் முகவரியைக் கட்டணமின்றிச் சொல்லும் வழக்கத்தைப் பரப்பியது. 2005-இல் வந்த கூகுள் வரைபடமோ, கடை இருக்குமிடம், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், முன்னர் சென்றவர்களின் கருத்து ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காட்டுகிறது.

இதனினும் வேறான ஒரு முயற்சியும் உண்டு. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்', உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் தெருக்களைத் தாமே குறித்து உருவாக்கி வரும் பொது வரைபடமாகும். அதனை அடிப்படையாகக் கொண்ட 'ஆர்கானிக் மேப்ஸ்' என்னும் செயலி 2021-இல் வெளிவந்தது. இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் மருந்துக்கடை, உணவகம், பணம் எடுக்கும் இயந்திரம் ஆகியவற்றை அதில் தேடலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டுவன

செல்லும் ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக் கொள்வது அறிவுடைமை. இணையம் துண்டிக்கப்பட்டாலும் நாம் நிற்குமிடம் வரைபடத்தில் தோன்றும். ஏனெனில், ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் குறியொலியைக் கைப்பேசி நேராகப் பெற்றுக் கணக்கிடுகிறது. அதற்கு இணையம் கட்டாயமன்று.

தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் அவ்வூர் மொழியிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்தால், ஆட்டோக்காரரிடம் வாய்மொழியின்றியே காட்டலாம். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிடக் கூடுமாதலால், இன்றியமையாத எண்களையும் அத்தாளிலேயே குறித்து, பெரியவர் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும்.

அரசு தரும் துணைகள்

நாடெங்கும் ஆபத்து வேளையில் அழைக்க வேண்டிய எண் 112. இரயில் பயணிகளுக்கு 139-உம், தேசிய நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு 1033-உம் உள்ளன. சுற்றுலாத்துறையின் 1363 என்னும் எண், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் பத்து அயல்நாட்டு மொழிகளிலும் இரவு பகலாக விடையளிக்கிறது.

மருந்துச் செலவைக் குறைக்க விரும்புவோர், 2019-இல் வெளியான 'ஜன் ஔஷதி சுகம்' செயலியின் வாயிலாக அருகிலுள்ள மக்கள் மருந்தகத்தை அறியலாம். அறுவை மருத்துவத்திற்குச் செல்லும் குடும்பத்தினர்க்கு 'இ-ரக்த்கோஷ்' இணையத்தளம், எந்த இரத்த வங்கியில் எவ்வகை இரத்தம் இருப்பில் உள்ளதெனக் காட்டும். காரிலோ வேனிலோ செல்வோர் பெட்ரோல் நிலையங்களில் குடிநீர், கழிப்பறை, சக்கரத்திற்குக் காற்று ஆகியவற்றை இலவசமாகப் பெற உரிமையுடையோர் என்பதையும் மறத்தலாகாது.

விழிப்பும் வேண்டும்

இலவசமாகக் கிடைப்பன யாவும் நம்பத்தக்கன அல்ல. தேடும்போது முதலில் தோன்றும் கடை, விளம்பரத்திற்குப் பணம் கட்டிய கடையாக இருக்கலாம். ஆகவே நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்காது, அண்மையில் எழுதப்பட்ட கருத்துகளையும், குறை கூறியோர் என்ன சொல்லியுள்ளனர் என்பதையும் படித்துப் பார்த்தல் வேண்டும். உணவகமாயின், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அங்கே காணும்படி வைக்கப்பட்டுள்ளதா என்று கவனிக்கலாம்.

விடுதிகளின் பெயரால் போலித் தளங்கள் அமைத்து முன்பணம் பறிப்போரும் உளர். யாத்திரிகர் விடுதி, வாடகை வண்டி, கேதார்நாத் ஹெலிகாப்டர் பதிவு ஆகியவற்றின் பெயரால் நடைபெறும் இத்தகைய மோசடிகளைக் குறித்து 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையைச் சார்ந்த இணையக் குற்றத் தடுப்பு மையமே எச்சரிக்கை விடுத்தது. தெரியாத விடுதிக்குப் பணம் அனுப்புமுன் அதன் எண்ணை வேறோர் இடத்திலும் ஒப்பிட்டுப் பார்த்து, நேரில் பேசி உறுதி செய்து கொள்வோமாக. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. எவரேனும் அவ்வாறு கேட்டால் அது வஞ்சனையே. ஏமாந்தவர் வெட்கத்தால் வாளாவிராமல் உடனே 1930-ஐ அழைத்தல் வேண்டும். விரைந்து அறிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

மனிதரை மறவோம்

வரைபடம் காட்டும் கடை மூடிக் கிடக்கலாம். இடம் மாறியும் இருக்கலாம். அவ்வேளையில் இரயில் நிலைய விசாரணை அலுவலரும், மருந்துக்கடைக்காரரும், தேநீர்க் கடை நடத்துபவரும் சொல்வதே மெய்யான செய்தி. குறிப்பாகப் புதிய ஊரில் சிக்கனமான, தூய்மையான உணவு எங்கே கிடைக்கும் என்பதை அங்கே அன்றாடம் உண்போரே நன்கறிவர்.

நாம் பெற்ற உதவியைப் பிறர்க்கும் ஈதல் கடமையன்றோ? நேர்மையாக நடந்துகொண்ட சிறு கடையைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்தால், அடுத்து அவ்வழி வரும் குடும்பத்திற்கு அது விளக்காகும். விளம்பரம் செய்ய இயலாத அந்த எளிய வணிகர்க்கும் அது வாழ்வாகும். நம் சொந்த ஊரின் மருந்தகத்தையும் உணவகத்தையும் பொது வரைபடத்தில் குறிக்க, கைப்பேசியில் வல்ல நம் பிள்ளைகளை ஊக்குவிப்போம். அயலூரில் நமக்கு வழிகாட்டியவர் யாரென அறியோம். நம்மூருக்கு வரும் அந்நியர்க்கு வழிகாட்டுவோர் நாமாக இருப்போம்.