முன்பெருக்கி: குரலைக் காக்கும் சிறு பெட்டி

ஊரிலிருந்து வந்த பாட்டி தாலாட்டுப் பாடுகிறார். அதனைப் பதிவு செய்து மீண்டும் கேட்கிறோம். அவர் குரல் மெலிந்தும், 'ஊம்' என்னும் இரைச்சல் ஓங்கியும் ஒலிக்கின்றன. பதிவுக்குப் பின் ஒலியளவைக் கூட்டினால் குரலோடு இரைச்சலும் கூடும். ஆகவே, இரைச்சல் கலப்பதற்கு முன்பே குரலை வலுப்படுத்துதல் வேண்டும். இப்பணியைச் செய்யும் கருவியே முன்பெருக்கி ஆகும்.

மின்கலம் ஏன்?

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. அவ்வலைவே பதிவில் 'ஊம்' ஓசையாகப் புகுகிறது. மின்கலம் தரும் நேர்திசை மின்னோட்டத்தில் அவ்வலைவு இல்லை. இக்கருவிக்கு 9 வோல்ட் மின்கலம் ஒன்றே போதும்.

கருவியின் அமைப்பு

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும் எலக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கினர். விலை குறைந்த இவ்வகை ஒலிவாங்கியே நமக்கு ஏற்றது. இதனுள் உள்ள சிறு டிரான்சிஸ்டர் இயங்குவதற்கு, 10 கிலோ ஓம் மின்தடையாக்கியின் வழியே மின்சாரம் அளித்தல் வேண்டும்.

ஒலிவாங்கி தரும் மின்னலை சில மில்லிவோல்ட் அளவினதே. மின்தேக்கி ஒன்று நேர்திசை மின்னழுத்தத்தைத் தடுத்து, குரலின் அலையை மட்டும் டி.எல்.072 என்னும் பெருக்கிச் சில்லின் நேர் உள்ளீட்டுக்கு அனுப்புகிறது. அலை மேலும் கீழும் சமமாக அசைய இடம் வேண்டுமன்றோ? அதற்காக, சம அளவுள்ள இரு மின்தடையாக்கிகள் 9 வோல்ட்டைப் பகுத்து 4.5 வோல்ட் என்னும் நடுநிலையை அமைக்கின்றன. மற்றொரு மின்தடையாக்கி நேர் உள்ளீட்டை அந்நடுநிலையோடு இணைக்கிறது.

சில்லின் வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு 100 கிலோ ஓம் மின்தடையாக்கியும், அங்கிருந்து மின்கலத்தின் எதிர்முனைக்கு 1 கிலோ ஓம் மின்தடையாக்கியும் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைக்கப்படுகின்றன. இம்மின்தேக்கி இருப்பதால் நடுநிலை மின்னழுத்தம் பெருகாது. குரலின் அலை மட்டுமே பெருகும்.

பெருக்கம் = 1 + (100 ÷ 1) = 101

அதாவது, 5 மில்லிவோல்ட் அலை ஏறத்தாழ அரை வோல்ட்டாக உயரும். வெளியீட்டிலும் ஒரு மின்தேக்கியை வைத்து, அதன்வழியே பதிவுக்கருவியோடு இணைத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. சுற்றினை உலோகப் பெட்டியுள் வைத்து, பெட்டியை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்க வேண்டும். அது சுவரிலுள்ள மின்கம்பிகளின் தாக்கத்தைத் தடுக்கும்.

2. ஒலிவாங்கிக்கும் பெருக்கிக்கும் இடையிலுள்ள கம்பி குட்டையாக இருத்தல் வேண்டும்.

3. பெருக்கம் மிகுந்தால் அலையின் முகடுகள் வெட்டுண்டு குரல் சிதையும். உரத்த பாடலுக்கு 100 கிலோ ஓமுக்கு மாற்றாக 47 கிலோ ஓம் பயன்படுத்தலாம்.

சிதைந்த பதிவை முழுமையாகச் சீர்செய்தல் அரிது. ஆதலின், பாட்டியைப் பாடச் சொல்லும் முன், சில சொற்களைப் பேசிப் பதிந்து கேட்டுப் பார்த்தல் நன்று.

பயிற்சி

1. பதிவுக்குப் பின் ஒலியளவைக் கூட்டுவதால் பயன் குறைவது ஏன்?
2. 47 கிலோ ஓம் மின்தடையாக்கியைப் பயன்படுத்தினால் பெருக்கம் எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: அவ்வலைவு, மின்னழுத்தம்.
4. உங்கள் வீட்டு முதியவரிடம் பதிவு செய்ய விரும்பும் பாடல் அல்லது கதை குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.