உழவர் நுரையீரல் நோய்

உழவுத்தொழில் திறந்த வெளியிலே நிகழ்வதாதலின், அது நுரையீரலுக்கு ஊறு செய்யாதெனப் பலர் கருதுவர். ஆயின், தானியம் புடைப்போரும் அளப்போரும் தூசியால் மூச்சுத் திணறி வருந்துவதை இத்தாலிய மருத்துவர் பேர்ணாடினோ றமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எடுத்துக்காட்டினார்.

இவ்வகை நோய்களுள் நன்கு ஆராயப்பட்டது ‘உழவர் நுரையீரல்’ என்பதாகும். குளிர் நாடுகளில், பனிக்காலத்தில் மாடுகளுக்கு இடுதற்பொருட்டுக் கோடையிற் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பர். மழையினால் நன்கு உலராத புல்லைக் குவித்து வைப்பின், அது தானே சூடேறும். வெப்பம் 60 பாகை செல்சியசையும் எட்டும். அவ்வெப்பத்திற் செழிக்கும் பற்றீரியா வகைகள் எண்ணிறந்த நுண்வித்துக்களைத் தோற்றுவிக்கும். ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கே பருமனுடைய அவை, புல்லை உதறுங்கால் தூசியோடு எழுந்து, நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று சேரும்.

இந்நோயின் வஞ்சகம் அதன் காலத்தாழ்விலேயே உளது. தூசியைச் சுவாசித்து நான்கு முதல் எட்டு மணி நேரஞ் சென்றபின்னரே குளிரும் காய்ச்சலும் வறட்டிருமலும் மூச்சுமுட்டும் தோன்றும். காலையிற் கொட்டிலில் உழைத்தவன் மாலையிற் படுக்கையிற் கிடப்பான். தடிமற் காய்ச்சலென எண்ணுவான். இரண்டொரு நாளிற் குணமாகும். மீண்டும் கொட்டிலுக்கே செல்வான். இங்ஙனம் பன்முறை நிகழின், நுரையீரலில் தழும்பு படர்ந்து மாறா இளைப்பு உண்டாகும்.

இங்கிலாந்தின் வெஸ்ற்மோர்லாந்துப் பகுதி உழவரிடையே இந்நோயைக் கண்ட காம்பெல் என்னும் மருத்துவர் அதனை 1932இல் விவரித்தார். 1963இல் ஜாக் பெப்பிசும் அவர்தம் துணைவரும் மேற்கூறிய பற்றீரியாக்களே காரணமென நிறுவினர். இது தொற்று நோயன்று. நுண்வித்துக்களை எதிர்க்கும் உடலின் காப்பு முறையே அழற்சியை விளைக்கின்றது. ஆதலின், கிருமிகொல்லி மருந்துகள் இதற்குப் பயன்படா. புல்லை நன்கு உலர்த்துதலும், கொட்டிலிற் காற்றோட்டம் அமைத்தலும், தக்க சுவாசக் கவசம் அணிதலும், நோயுற்றவர் அத்தூசியை அறவே விலக்குதலுமே வழிகளாம்.

நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாக வினவுவனவற்றோடு, ‘நீர் செய்யுந் தொழில் யாது?’ என்பதையுஞ் சேர்க்கவேண்டுமென்றார் றமசினி. காலையுழைப்பையும் மாலைக் காய்ச்சலையும் தொடர்புபடுத்துவது அவ்வினா ஒன்றே. அதனைக் காலத்திற் கேட்பின், தழும்பு படருமுன் ஓர் உழவனின் மூச்சைக் காத்தல் கூடும்.