ஒரு காசு அரசனை மெய்ப்பிக்குமா? ஸ்பான்சியன் பொற்காசும் சான்று மதிப்பீடும்

முன்னுரை

இலக்கியமும் கல்வெட்டும் குறிப்பிடாத ஆட்சியாளர்களை அறிவதற்கு நாணயங்கள் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. ஆயினும், அச்சான்று ஐயத்திற்குரியதாயின் அரசனின் இருப்பே கேள்விக்குள்ளாகிறது. உரோமப் பேரரசன் எனக் கருதப்படும் ஸ்பான்சியனின் பெயர் பொறித்த பொற்காசு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். காசின் தொன்மையும் அது காட்டும் அரசனின் வரலாற்று உண்மையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டெடுப்பும் அமைப்பும்

1713ஆம் ஆண்டில், இன்றைய ருமேனியாவின் திரான்சில்வேனியாப் பகுதியில் கிடைத்ததாகக் குறிக்கப்படும் தொகுதியைச் சேர்ந்தது இக்காசு. மூன்றாம் கோர்டியன் (கி.பி. 238–244), பிலிப் (கி.பி. 244–249) ஆகிய பேரரசர்களின் பெயர் தாங்கிய காசுகளும் அத்தொகுதியில் இருந்தன. ஸ்பான்சியன் காசுகளுள் ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று சிபியு நகரின் புருக்கென்தால் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

காசின் முன்புறத்தில் கதிர்முடி அணிந்த ஆணின் மார்பளவு உருவமும் 'இம்ப் ஸ்பான்சியானி' என்னும் இலத்தீன் பொறிப்பும் காணப்படுகின்றன. பின்புறத்தில் ஒரு தூணும் அதன் இருமருங்கும் நிற்கும் இரு மனித உருவங்களும் அமைந்துள்ளன.

ஐயத்திற்கான காரணங்கள்

பிரெஞ்சு நாணயவியலாளர் ஹென்றி கோஹென் 19ஆம் நூற்றாண்டில் இக்காசுகளைப் போலி என ஒதுக்கினார். அக்கருத்துக்குத் துணைநிற்கும் காரணங்கள் வலுவானவை.

முதலாவது, உரோமப் பொற்காசுகள் அச்சால் அடிக்கப்பட்டவை, இவையோ வார்க்கப்பட்டவை. இரண்டாவது, பேரரசரின் பெயர் பொதுவாக எழுவாய் வேற்றுமையில் இடம்பெறும். இங்கு 'ஸ்பான்சியனுடைய' என ஆறாம் வேற்றுமையில் உள்ளது. மூன்றாவது, பின்புற உருவம் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மினுசியஸ் குடும்பத்தார் வெளியிட்ட வெள்ளித் தெனாரியசின் படியாகும். நான்காவது, பண்டை வரலாற்றாசிரியர் எவரும் இவ்வரசனைக் குறிப்பிடவில்லை.

2022ஆம் ஆண்டு ஆய்வு

பால் பியர்சன் தலைமையிலான குழு, கிளாஸ்கோவிலுள்ள நான்கு காசுகளை நுண்ணோக்கி, நிறமாலை முறைகளால் ஆராய்ந்தது. புழக்கத்தால் ஏற்படக்கூடிய நுண்கீறல்களும், அவற்றின் மேல் சிலிக்காவால் இறுகிய மண்படிவும் காணப்பட்டன. இவை காசுகள் கைமாறிப் பின் நெடுங்காலம் புதைந்திருந்ததைக் காட்டுவதாக அக்குழு கருதியது. கி.பி. 260களில் பேரரசின் மையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட டாசியா மாநிலத்தில் அதிகாரத்தைக் கைக்கொண்ட படைத்தலைவனே ஸ்பான்சியன் என்பது அக்குழுவின் கருதுகோள். நாணயவியலாளர் சிலர் இதனை ஏற்கவில்லை.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கீறலும் மண்படிவும் உலோகத்தின் வரலாற்றையே கூறுகின்றன. அவற்றிலிருந்து படைத்தலைவன், டாசியா, 260கள் என்னும் முடிவுகளுக்குச் செல்வது ஊகத்தின்பாற்பட்டது.

ஒப்புமை: இரண்டாம் டொமிசியன்

கி.பி. 271ஆம் ஆண்டளவில் கால் பகுதியில் ஆட்சி செய்த இரண்டாம் டொமிசியனின் காசு ஒன்று 1900இல் பிரான்சில் கிடைத்தபோது அதுவும் ஐயுறப்பட்டது. 2003இல் இங்கிலாந்தின் சால்குரோவ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 5000 காசுகள் கொண்ட பானைப் புதையலில் இரண்டாவது காசு வெளிப்பட்டதும் ஐயம் நீங்கியது. அங்குத் தீர்ப்பளித்தது, கண்டெடுப்புச் சூழல் உறுதியாகத் தெரிந்த மற்றொரு காசேயாகும். ஸ்பான்சியனுக்கு இத்தகைய சான்று இதுவரை கிட்டவில்லை.

முடிவுரை

2022ஆம் ஆண்டு ஆய்வு, போலி எனத் தள்ளப்பட்ட ஒரு சான்றினை மீண்டும் ஆய்வுக்குரியதாக்கியுள்ளது. எனினும், காசு பழமையானது என்பதாலேயே அரசன் உண்மையானவன் ஆகிவிடான். முறையான அகழ்வில் மற்றொரு காசோ கல்வெட்டோ வெளிப்படும்வரை, ஸ்பான்சியனின் பெயரை உரோமப் பேரரசர் வரிசையில் ஐயக்குறியுடன் சுட்டுவதே ஆய்வறத்திற்கு உகந்ததாகும்.