நனைந்த வண்டி ஸ்டார்ட் ஆகலையா? செல்ஃப் பட்டனை அழுத்தும் முன் இதையெல்லாம் பாருங்க!

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு அப்படி. ஆனால், எல்லோருக்கும் மேம்பாலத்தில் இடம் கிடைக்காது. வீட்டு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் விடியும்போது பாதி மூழ்கியிருக்கும். அல்லது ஆபீஸ் போகும் வழியில், தேங்கிய தண்ணீரில் பைக் அப்படியே ஆஃப் ஆகிவிடும்.

அப்போது எல்லோருடைய விரலும் தானாகப் போகும் இடம் செல்ஃப் பட்டன். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் செலவாக மாறுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

ஏன் அழுத்தக் கூடாது?

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலேறும்போது, அங்கிருக்கும் காற்றையும் பெட்ரோலையும் நெருக்கி அழுத்தும். காற்று அழுத்தத்துக்குச் சுருங்கிக் கொடுக்கும். தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். அந்த வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம், உடைந்தும் போகலாம். இதை 'ஹைட்ரோ லாக்' என்பார்கள். எனவே, வண்டி எந்த அளவுக்கு நனைந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் எதுவரை வந்தது?

வண்டியின் மேல் படிந்திருக்கும் சேற்றுக் கோடே இதற்குச் சாட்சி. ஸ்கூட்டர்களில் ஏர் ஃபில்டர் பெட்டி பெரும்பாலும் இடது பக்கம், பின்சக்கரத்துக்கு அருகில் இருக்கும். பைக்குகளில் சீட்டுக்கு அடியிலோ, பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ இருக்கும். கோடு அதற்குக் கீழேயே நின்றிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முயற்சியே வேண்டாம்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்ல செய்தி. ஃபில்டர் ஊறியிருந்தால், தண்ணீர் இன்ஜின் வரை போயிருக்கலாம் என்று அர்த்தம்.

அடுத்து இன்ஜின் ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சில பைக்குகளில் கண்ணாடி வழியாகவே தெரியும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டினால் உள்ளே தேய்மானம் வரும். ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு இன்னொரு முறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். அது வீண் செலவு அல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் மிச்ச ஈரத்தை வெளியேற்றத்தான்.

வெறும் மழையில் நனைந்த வண்டியா?

மழையில் நின்ற வண்டியும், வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். வண்டி தரும் அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

* செல்ஃப் அழுத்தினால் சத்தமே இல்லை: கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு இரண்டையும் பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிரேக் பிடித்தும் பின்பக்க விளக்கு எரியாவிட்டால், பிரேக் சுவிட்சில் ஈரம் புகுந்திருக்கலாம். அடுத்து ஃபியூஸைப் பாருங்கள்.

* 'கிளிக்' சத்தம் மட்டும் வருகிறது: ஹார்ன் மங்கலாக ஒலித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஹார்ன் கணீரென்று ஒலித்தும் இன்ஜின் சுற்றவில்லை, அதிலும் வண்டி தண்ணீரில் நின்றது என்றால், உடனே நிறுத்திவிடுங்கள். ஹைட்ரோ லாக்காக இருக்கலாம்.

* இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை: சந்தேகம் முதலில் ஸ்பார்க் பிளக் மேல் போக வேண்டும். பிளக் கேப்பில் ஈரம் இருந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். சாவியை ஆஃப் செய்து, கேப்பைக் கழற்றி, உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

* ஸ்டார்ட் ஆகி, திணறி நிற்கிறது: பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் கனமானது என்பதால் டேங்கின் அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரோடு பிரிந்து அடியில் போய்விடும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் அடியிலிருக்கும் டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தால், கீழே தண்ணீர் தனியாகத் தெரியும். பக்கத்தில் அடுப்போ, சிகரெட்டோ இருக்கவே கூடாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

* இன்ஜின் உறுமுகிறது, ஸ்கூட்டர் நகரவில்லை: பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பெல்ட் வழுக்குகிறது. அதைத் திறந்து காயவைக்க வேண்டும்.

தண்ணீரை வெளியேற்றும் முறை

சைலன்சருக்குள் தண்ணீர் போயிருந்தால், இரண்டு பேர் சேர்ந்து முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்கமாக வடிந்துவிடும். இன்ஜினுக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், பிளக்கையே கழற்றிவிட வேண்டும். சாவி ஆஃபில் இருக்க, கிக்கரை மெதுவாக மிதித்தால், தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சியடித்து வெளியேறும். முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். கிக்கர் இல்லாத வண்டி என்றால் இந்த வேலையை மெக்கானிக்தான் செய்ய வேண்டும்.

கார் என்றால்...

தண்ணீரில் ஆஃப் ஆன காரை அதே இடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியையும் திருப்ப வேண்டாம், பட்டனையும் அழுத்த வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களைச் சக்கரம் உருள இழுத்துச் செல்லாமல், லாரி மேல் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

எலெக்ட்ரிக் வண்டி என்றால்...

பேட்டரிக்கு ஐபி67 தரச்சான்று இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும் என்பதே அதன் பொருள். இரவு முழுக்க வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அது பொருந்தாது. காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், சர்வீஸ் சென்டர் பரிசோதிக்கும் வரை சார்ஜ் போடாதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், திறந்தவெளியில் தள்ளி நிறுத்துங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயம்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளமும் அடங்கும். ஆனால், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்றால், அந்தச் செலவைப் பொதுவாகத் தர மறுப்பார்கள். அதற்குத்தான் 'இன்ஜின் புரொடக்‌ஷன்' என்ற கூடுதல் கவர் தனியாக இருக்கிறது. அதிலும் நிபந்தனைகள் உண்டு என்பதால் மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். வண்டியைக் கழுவுவதற்கு முன், தண்ணீர்க் கோடும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு, முதல் போனை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா?

உடனே சீறிக் கிளம்ப வேண்டாம். சில நிமிடங்கள் ஓடவிட்டு, வித்தியாசமான சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியின் பிரேக் உடனே பிடிக்காது. எனவே மெதுவாக உருட்டி, பிரேக்கை நான்கைந்து முறை லேசாகப் பிடித்து விடுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று உறுதியான பிறகு, குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.